அப்தீன் சதுக்கத்தில் கேட்டது என்ன?

கேள்வி: 2011இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் லட்சக்கணக்கில் கூடினார்கள். இரண்டே ஆண்டில் ஆட்சியை மறுபடியும் ராணுவத்திடமே ஒப்படைத்துவிட்டார்கள். ஜனநாயகம் அரபு முஸ்லிம்களின் ரத்தத்திலேயே இல்லை என்பதுதானே உண்மை? இதை ஒப்புக்கொள்ள உங்கள் பத்திரிகைக்கு என்ன தயக்கம்?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: தயக்கம் எதுவும் இல்லை. நீங்கள் சொல்வது தவறு, அதனால் ஒப்புக்கொள்ளவில்லை. ‘ரத்தத்தில் இல்லை’ என்ற பேச்சு நம் ஊருக்கும் புதிதல்ல. படிப்பு உனக்கு வராது, நிர்வாகம் உனக்குத் தெரியாது என்று தலைமுறை தலைமுறையாக யாரை யார் ஒதுக்கிவைத்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அதே பேச்சை இன்னொரு ஜனத்தின் மேல் போடும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எகிப்தை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். சரி, எகிப்தையே எடுத்துக்கொள்வோம். ஆனால் கதை 2011இல் ஆரம்பிக்கவில்லை.

1881 செப்டம்பர் 9. கெய்ரோவில் அப்தீன் அரண்மனை வாசல். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் பீரங்கிகளோடு சதுக்கத்தில் அணிவகுத்து நிற்கிறார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர் கர்னல் அகமது உராபி. நைல் கழிமுகத்தில் ஒரு கிராமத் தலைவரின் மகன். துருக்கிய, சர்க்காசிய வம்சத்தாரே உயர் பதவிகளை வைத்திருந்த படையில், குடியானவர் வீட்டிலிருந்து மேலே வந்த ஒருவர். ‘கெடிவ்’ என்ற பட்டத்தோடு நாட்டை ஆண்ட தவ்ஃபீக் அரண்மனையிலிருந்து இறங்கி வருகிறார். உராபி குதிரையிலிருந்து இறங்கி சல்யூட் வைக்கிறார். கேட்டது மூன்று: மந்திரிசபையை மாற்று, படையின் எண்ணிக்கையை 18,000 ஆக்கு, மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்டு.

‘நீங்கள் எங்கள் தயவில் வாழும் அடிமைகள்’ என்று கெடிவ் சொன்னதாக உராபி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்குத் தான் சொன்ன பதிலையும் எழுதியிருக்கிறார்: ‘கடவுள் எங்களைச் சுதந்திர மனிதர்களாகப் படைத்தான், பரம்பரைச் சொத்தாகப் படைக்கவில்லை.’ வார்த்தைக்கு வார்த்தை அப்படியே பேசினாரா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடலாம். மூன்று கோரிக்கைகளைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

இந்தக் காட்சியில் இன்னொருவரையும் கவனியுங்கள். கெடிவின் பக்கத்தில் நின்று, ‘அவன் வாளைக் கேட்டு வாங்குங்கள்’ என்று தூண்டிக்கொண்டிருந்தவர் ஆக்லாந்து கால்வின். இந்திய சிவில் சர்வீஸிலிருந்து போன ஆங்கிலேயர். அரண்மனை வாசலில் அவருக்கு என்ன வேலை? எகிப்தின் வரவு செலவைக் கடன்காரர்கள் சார்பில் கண்காணிப்பதுதான் அவர் உத்தியோகம்.

அந்தக் கடன் எப்படி வந்தது என்று தெரியாமல் மேலே போக முடியாது. தவ்ஃபீக்கின் அப்பா இஸ்மாயில் கால்வாய், ரயில், அரண்மனை என்று வாங்கிக் குவித்த கடன் அது. 1873இல் எடுத்த ஒரு கடனுக்குப் பத்திரத்தில் எழுதிய தொகை 3 கோடியே 20 லட்சம் பவுன். கைக்கு வந்தது சுமார் 2 கோடி. கந்துவட்டிக்காரர் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பாரே, அந்தக் கணக்குதான். 1875இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டனிடம் விற்றார். அப்படியும் கரையேறவில்லை. 1876இல் கடன் கொடுத்த ஐரோப்பியர்கள் கெய்ரோவிலேயே ஒரு கடன் வசூல் ஆணையத்தை உட்காரவைத்தார்கள். 1879இல் இஸ்மாயிலையே பதவியிலிருந்து இறக்கினார்கள். நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி கடனுக்கென்று ஒதுக்கப்பட்டது. கட்டியவன் நைல் கரை விவசாயி.

அப்தீனில் உராபி கேட்டபடி அந்த ஆண்டு டிசம்பரில் சபை கூடியது. அவர்கள் கடனைக் கட்ட மாட்டோம் என்று சொல்லவில்லை. கடனுக்கு ஒதுக்கிய பாதியைத் தொடவும் கேட்கவில்லை. மிச்சமிருக்கும் வருமானத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஓட்டுப் போடும் உரிமை வேண்டும் என்றார்கள். நம் காங்கிரஸ் பிறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பு இது. 1892 வரை இந்தியச் சட்டசபைகளில் பட்ஜெட்டை முறையாக விவாதிக்கக்கூட உரிமையில்லை, ஓட்டுப் போடுவது அதற்கும் வெகுதூரத்தில் இருந்தது. ரத்தத்தில் இல்லாத ஜனங்கள் கேட்கும் கேள்வியா இது?

பிரிட்டனும் பிரான்ஸும் 1882 ஜனவரியில் சேர்ந்து ஒரு மிரட்டல் கடிதம் அனுப்பின. பிப்ரவரியில் சபை அதையும் மீறி அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. கவிஞர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி பிரதமர், உராபி போர் அமைச்சர். மே மாதம் போர்க்கப்பல்கள் வந்தன. ஜூன் 11 அலெக்சாந்திரியாவில் கலவரம். ஐரோப்பியர்களும் எகிப்தியர்களும் செத்தார்கள். ஜூலை 11 காலை பிரிட்டிஷ் கப்பல்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு பொழிய ஆரம்பித்தன. செப்டம்பர் 13 விடியற்காலை தெல் எல் கபீர் என்ற இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் உராபியின் படை சிதறியது. அப்போது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன், அரசியல் சுதந்திரத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசியவர். அவருடைய சொந்த முதலீட்டில் பெரிய பங்கு எகிப்து கடன் பத்திரங்களில் இருந்தது. சீக்கிரம் கிளம்பிவிடுவோம் என்று சொல்லி வந்த படை, கடைசிச் சிப்பாய் வரை வெளியேறியது 1956 ஜூனில்.

உராபிக்கு மரண தண்டனை விதித்து, அதை நாடுகடத்தலாக மாற்றினார்கள். எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? இலங்கைக்கு. 1883 ஜனவரியில் பாரூதி உட்பட ஏழு பேர் கொழும்பில் வந்து இறங்கினார்கள். இலங்கை முஸ்லிம் சீர்திருத்தவாதி சித்தி லெப்பை நடத்திய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை ஆரம்பமானது 1882இல்தான். அதன் வாசகர்களுக்கு உராபி யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. கொழும்பில் இன்று ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்திருக்கும் பள்ளியை 1892இல் சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் தொடங்கியபோது உராபி அதற்குத் துணை நின்றார். பாரூதி இந்தத் தீவை ‘சரந்தீப்’ என்று பெயர் சொல்லி, ஊர் ஏக்கத்தில் அரபுக் கவிதைகள் எழுதினார். பதினேழு ஆண்டு கழித்துப் பார்வை மங்கி ஊர் திரும்பினார். உராபி திரும்பியது 1901இல். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

அப்புறம் 1919. விடுதலைப் போராட்டத் தலைவர் சஅத் ஸக்லூலை மால்டாவுக்கு நாடுகடத்தியதும் நாடே தெருவில் இறங்கியது. பிறையும் சிலுவையும் ஒரே கொடியில் இருந்தன. அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் மேடையில் காப்டிக் கிறிஸ்தவப் பாதிரியார் ஏறிப் பேசினார். பெண்கள் ஊர்வலம் போனார்கள். 1923இல் அரசியல் சட்டம், 1924இல் தேர்தல், ஸக்லூலின் வஃப்து கட்சிக்குப் பெருவெற்றி. அடுத்த 28 ஆண்டுகளில் ஓரளவு நேர்மையாக நடந்த தேர்தல்களில் எல்லாம் அந்தக் கட்சிதான் ஜெயித்தது. ஆனால் ஆட்சியில் இருந்தது மொத்தம் எட்டு ஆண்டுகூட இல்லை. ஒருபக்கம் அரசர், மறுபக்கம் பிரிட்டிஷ் தூதர், இருவரும் மாறி மாறிக் கலைத்தார்கள். 1942 பிப்ரவரி 4 அன்று அதே அப்தீன் அரண்மனையைப் பிரிட்டிஷ் டாங்கிகள் சூழ்ந்தன. நாங்கள் சொல்பவரைப் பிரதமராக்கு, இல்லையென்றால் முடி துற என்று அரசரிடம் காகிதத்தை நீட்டினார் தூதர். அந்த முறை அவர்கள் சொன்ன ஆள் வஃப்து தலைவர் நஹ்ஹாஸ். அவர் பதவியை ஏற்றுக்கொண்டார். கட்சியின் மானம் அன்றோடு போயிற்று.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். 1954க்கு வருகிறேன்.

அப்துர் ரஸ்ஸாக் சன்ஹூரி என்ற சட்ட மேதை. எகிப்தின் சிவில் சட்டத்தை எழுதியவர். சிரியா, இராக், லிபியா சட்டங்களுக்கும் அதுதான் அச்சு. 1952 ஜூலையில் நாசரும் மற்ற ராணுவ அதிகாரிகளும் ஆட்சியைப் பிடித்தபோது, அரசின் நடவடிக்கைகளை விசாரிக்கும் நீதிமன்றமான அரசு ஆலோசனை மன்றத்தின் தலைவராக இருந்த சன்ஹூரி அவர்கள் பக்கம் நின்றார். பழைய நாடாளுமன்றத்தைக் கூட்டத் தேவையில்லை என்று அவர்களுக்குச் சட்ட வழி காட்டிக் கொடுத்ததும் அவருடைய மன்றம்தான். அழுகிப்போன அரசாட்சியை இவர்கள் துடைத்துவிட்டுத் தேர்தல் நடத்துவார்கள் என்று நம்பினார். 1953 ஜனவரியில் கட்சிகளைக் கலைத்தார்கள். 1954 மார்ச்சில், படை முகாமுக்குத் திரும்பட்டும், தேர்தல் வரட்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. மார்ச் 29 அன்று ஒரு கும்பல் மன்றக் கட்டடத்துக்குள் புகுந்து, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த சன்ஹூரியை அவருடைய அலுவலகத்திலேயே அடித்துப்போட்டது. அதே நாட்களில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஜனநாயகம் ஒழிக என்று கோஷம் போட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வேலைநிறுத்தத்துக்கு 4,000 பவுன் செலவானதாக நாசரே தன்னிடம் சொன்னார் என்று, அவரோடு புரட்சி செய்த காலித் முஹ்யித்தீன் பிற்பாடு எழுதினார்.

நாசர் நிலச் சீர்திருத்தம் செய்தார், சூயஸை மீட்டார். அதற்காக அந்த அடியை என்னால் மறக்க முடியாது.

உராபி என் கதாநாயகன்தான். ஆனால் அவரிடமும் ஒரு குறை உண்டு. நாடாளுமன்றத்தைக் கேட்க அவர் போனது பீரங்கியோடு. மக்கள் வாய் பேச முடியாத இடத்தில் படை பேசும் என்ற நம்பிக்கை எகிப்தில் அன்று விழுந்தது. அன்று வேறு வழி இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையின் மேல்தான் நாசர் ஏறி வந்தார். 2013இலும் அதுவே நடந்தது. 2012 அதிபர் தேர்தலில் சுமார் 51.7 சதவீத ஓட்டில் ஜெயித்த முர்ஸி, நவம்பரில் தன் ஆணைகளை நீதிமன்றம் தொடக் கூடாது என்று அறிவித்தார். அது பெரிய தவறு. எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் தஹ்ரீரில் நின்ற பலரும் இருந்தார்கள். ஜூலை 3 அன்று ராணுவம் அவரைத் தூக்கியபோது கைதட்டினார்கள். ஆகஸ்ட் 14 அன்று ராபியா சதுக்கத்தில் கூடியிருந்த முர்ஸி ஆதரவாளர்களில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதட்டியவர்களில் பலர் பிறகு அதே சிறைகளுக்குப் போனார்கள். சன்ஹூரிக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடந்தது.

இதில் ரத்தம் எங்கே வருகிறது? கடன் வருகிறது, கப்பல் வருகிறது, பாளையம் வருகிறது, அவற்றை நம்பிக் கெட்ட மனிதர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்டவர்கள் இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. ‘கூடினார்கள்’, ‘ஒப்படைத்துவிட்டார்கள்’ என்று யாரோ மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உராபியை முறியடிக்கப் போன படையில் இந்தியாவிலிருந்து போன பிரிவும் இருந்தது. அதில் ‘மெட்ராஸ் சேப்பர்ஸ்’ என்ற பொறியாளர் படை இருந்தது. தெல் எல் கபீர் என்ற பெயர் அந்தப் படையின் போர் விருதுகளில் ஒன்று. அந்த இந்தியப் பிரிவின் செலவில் பெரும்பகுதியை லண்டன் இந்திய அரசின் கணக்கில்தான் எழுதியது. ஈரோடு அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டு அங்கே குடியானவர்கள் கட்டிய கிஸ்தியும் அந்தக் கஜானாவுக்குத்தான் போயிற்று.