வாய்க்கா அடைப்பும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

அண்ணே வணக்கம்,

நான் அரியாங்குப்பம் பக்கம். பேர் போட வேணாம், ஏன்னு படிச்சா புரியும். எங்க தெரு யூ வாய்க்கா (U வடிவ சாக்கடை) அடைச்சு நாலு மாசம் ஆச்சு, லேசா தூறுனாலே தண்ணி வாசப்படி ஏறிடும். கொம்யூன் (எங்க ஊர் பஞ்சாயத்து) ஆபீஸ்ல ரெண்டு தடவ மனு குடுத்தேன். மொத தடவ "ஆள் இல்ல"ன்னாங்க, அடுத்த தடவ "எஸ்டிமேட் போயிருக்கு"ன்னாங்க. கடைசில அம்மா எங்க ஏரியா கட்சிக்காரர் ஒருத்தர்கிட்ட போய் சொன்னாங்க. அவரு எந்தப் பதவியிலயும் இல்ல, எம்எல்ஏ கூட இருப்பாரு, அவ்ளோதான். அம்மாவ நிக்க வெச்சே ஒரு போன் போட்டாரு. மறுநாள் காலைல ஆள் வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க.

பிரச்சன அதுக்கப்புறம்தான். டீக்கடைல அவரப் பாத்தா என்னை அறியாமலே எழுந்து நின்னுடறேன். போன மாசம் கவர்னர் முதலமைச்சர் சண்டைய பத்தி எழுதுனப்ப புதுச்சேரில அதிகாரம் டெல்லிகிட்டதான் இருக்குன்னு முடிச்சிருந்தீங்க. டெல்லி எங்க தெரு வாய்க்காவ அடைக்கலையேண்ணே? இவருக்கு அதிகாரத்த யார் குடுத்தது? இப்ப அவரு பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிகை வெச்சிருக்காரு. போகவா வேணாமா? எவ்ளோ மொய் வெக்கறதுன்னு கூட புரியல, சிரிக்காதீங்க.

ஒரு வாசகன், அரியாங்குப்பம்

தம்பி,

சிரிச்சேன், ஆனா மொய்க்காக இல்ல. "டெல்லி எங்க தெரு வாய்க்காவ அடைக்கலையே"ன்னு கேட்டீங்க பாருங்க, நான் மூணு பக்கத்துக்கு எழுதி வெச்சத ஒரே வரில காலி பண்ணிட்டீங்க.

நான் எழுதுனது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். 1963 யூனியன் பிரதேச சட்டம் அப்படித்தான் இருக்கு, ஓட்டு போட்டு சட்டசபைக்கு 30 பேர அனுப்பறோம், டெல்லி 3 பேர நியமிக்குது, அந்த 3 பேரும் செல்லும்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இலவச அரிசிய அரிசியா குடுக்கறதா பணமா குடுக்கறதான்னு அப்ப முதலமைச்சரா இருந்த நாராயணசாமியும் கவர்னரா இருந்த கிரண் பேடியும் மல்லுக்கட்டுனதும், 2019 பிப்ரவரில ஒரு முதலமைச்சர் கவர்னர் மாளிகையான ராஜ் நிவாஸ் வாசல்ல ரோட்டுலயே படுத்து தர்ணா பண்ணதும் நீங்களே நேர்ல பாத்திருப்பீங்க. ஆனா உங்க கடிதத்த படிச்சப்புறம் எனக்கு ஒண்ணு தோணுச்சு, அந்த அஞ்சு வருஷமும் உங்க டீக்கடை ஆளோட மவுசு கொறஞ்சிருக்குமா? ஏறித்தான் இருக்கும். மேல ரெண்டு பேரும் முறைச்சுகிட்டு ஃபைல் அங்கயும் இங்கயும் அலையும்போதுதான் "இரு, நான் பேசிக்கறேன்"னு சொல்ற ஆளுக்கு கிராக்கி. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவோம்ல, இங்க சாமிக்கே யாரு சாமின்னு தகராறு, பூசாரி மட்டும் எந்தத் தடையும் இல்லாம தட்டு ஏந்திகிட்டு நிக்கறாரு.

தானே புயல் ஞாபகம் இருக்கா? 2011 டிசம்பர் 30 விடியக்காலம், உங்க ஊருக்கும் எங்க கடலூருக்கும் நடுவுல கரையேறுச்சு. அப்ப நான் கடலூர் ஓ.டி.ல, அதான் ஓல்ட் டவுன்ல, இருந்தேன். எங்க தெருவுக்கு கரண்ட் திரும்ப வர பன்னெண்டு நாள் ஆச்சு. தெருக்கோடில ஒரு மளிகைக்கடைக்காரர் இருந்தாரு, அவரு வீட்ல மட்டும் ஜெனரேட்டர். அதுக்கு முன்ன அவர யாரும் பெருசா கண்டுக்கினதில்ல, கடன் சொல்லிட்டு சர்க்கரை வாங்கிட்டு வருவோம், அந்த லெவல்தான். புயல் முடிஞ்ச ரெண்டாம் நாள் பாத்தா அவரு வாசல்ல செருப்பு வரிசை. செல்போன் சார்ஜ் போடணும், கைக்கொழந்தைக்கு தண்ணி சுட வெக்கணும், மேல் டேங்குக்கு தண்ணி ஏத்தணும். நல்ல மனுஷன், காசு வாங்கல, டீசலுக்கு யாராவது குடுத்தா வாங்கிக்குவாரு. ஆனா நாலாம் நாள்லேந்து ஒரு மாத்தம். யாரு மொத சார்ஜ் போடறதுன்னு அவரு சொல்லுவாரு. ஒரு வீட்டுக்காரர் பழைய பாக்கிய தரலன்னு அவங்க டேங்குக்கு ஹோஸ் போகல. ரிடையர்ட் தாசில்தார் ஒருத்தர், யாரையும் வா போன்னு பேசற ஆளு, அவரு இவர "அண்ணாச்சி"ன்னு கூப்புட்டாரு, நான் என் காதால கேட்டேன்.

இதுல விசேஷம் என்னன்னா, ஒம்பதாம் நாளு வெளி மாவட்டத்து லைன்மேனுங்க பக்கத்துத் தெருவுல கம்பம் நட்டுகிட்டு இருக்காங்க, எல்லாரும் போய் நம்ம தெருவுக்கும் வாங்கன்னு கையப் புடிச்சு இழுக்கறோம், இவரு மட்டும் வரல. "அவசரப்பட்டா சரியா செய்ய மாட்டாங்க, வரும்போது வரட்டும்"னாரு. கெட்ட எண்ணத்துல சொன்னாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவருக்கே அது தெரிஞ்சிருக்காது. பன்னெண்டாம் நாள் சாயந்தரம் லைட் எரிஞ்சப்ப தெருவே கத்துச்சு, அவரு திண்ணைல உக்காந்துகிட்டு இருந்தாரு. மறுநாள் பழையபடி கடன் சொல்லி சர்க்கரை.

நம்ம ஊர்ல அதிகாரத்துக்கும் கரண்டுக்கும் ஒரே பேரு, பவர். அத வெச்சு விளையாட வேணாம்னு பாக்கறேன், ஆனா உங்க கேள்விக்கு பதில் அந்த திண்ணைலதான் இருக்கு. அவருக்கு அத யாரும் குடுக்கல. நமக்கு வேற வழி இல்லாம போனதுதான் அவரோட அதிகாரம். அப்படி ஒரு ஆளுக்கு நம்ம கொறை தீர்றதுல எவ்ளோ அக்கற இருக்கும்?

இப்ப உங்க தெருவுக்கு வருவோம். வேற வழி இல்லாம போச்சே, அது எந்தப் புயல்ல போச்சு?

உங்க புதுச்சேரி கீழூர் தெரியும்ல. 1954 அக்டோபர் 18, பிரெஞ்சு இந்தியாவ இந்தியாவோட சேக்கறதான்னு அங்கதான் ஓட்டெடுப்பு. 178 பேர், 170 பேர் சேரலாம்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. ஊர் ஜனம் முழுக்க ஓட்டு போடல, ஓட்டு போட்டது சட்டசபை பிரதிநிதிகளும் கொம்யூன் கவுன்சிலருங்களும். அதாவது உங்க வாய்க்காவ பாக்க வேண்டிய அந்த சின்னப் பதவிக்காரங்கதான் நாம எந்த நாட்டுல இருக்கணும்னே முடிவு பண்ணாங்க. அப்பேர்ப்பட்ட பதவிக்கு 1968-ல ஒரு எலெக்‌ஷன் நடந்துச்சு. அடுத்தது 2006-ல. 38 வருஷம் தம்பி! 2006-ல ஜெயிச்சவங்க காலம் 2011-ல முடிஞ்சுது, அதுக்கப்புறம் இத எழுதற வரைக்கும் கெடையாது. 2021-ல தேதி வரைக்கும் அறிவிச்சாங்க, இட ஒதுக்கீடு, வழக்குன்னு அதுவும் நின்னுபோச்சு. 5 நகராட்சி, 10 கொம்யூன், எல்லாத்தையும் ஆபீசருங்கதான் ஓட்டறாங்க. நடுவுல காங்கிரஸ், திமுக, அதிமுக, என்.ஆர். காங்கிரஸ்னு எல்லாரும் ஆண்டாச்சு. சட்டசபைல ஒருத்தர ஒருத்தர் கிழிச்சுக்கறவங்க இந்த ஒரு விஷயத்துல மட்டும் பங்காளிங்க மாதிரி ஒத்துமை. எதிர்க்கட்சிய பாத்துகூட அவ்ளோ பயமில்ல, தன் தொகுதிக்குள்ளயே ஓட்டு வாங்கி ஜெயிச்ச ஒரு சின்ன ஆள் வந்து உக்காந்துடுவானோன்னுதான் பயம்.

கணக்கு போட்டு பாருங்க. புதுச்சேரில மொத்தம் ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டு, 30 தொகுதி, ஆக ஒரு எம்எல்ஏவுக்கு முப்பதாயிரம், முப்பத்தஞ்சாயிரம் பேரு. எங்க பக்கம் ஒரு தொகுதிக்கு ரெண்டரை லட்சம். எங்க எம்எல்ஏவால நெனச்சாலும் தெரு தெருவா வாய்க்கா பாக்க முடியாது. உங்க எம்எல்ஏவால முடியும், பாக்கறாரு, காதுகுத்துக்கும் வர்றாரு, சாவுக்கு மொத மாலையும் அவரோடதுதான். கவுன்சிலர் நாற்காலி காலி, அதுலயும் சேத்து அவரே உக்காந்துக்கறாரு. அவருக்கு எல்லா தெருவுக்கும் போக நேரம் இல்லாததால தெருவுக்கு ஒரு ஆள். அந்த ஆள்தான் நீங்க டீக்கடைல பாக்கற கட்சிக்காரரு. ஓட்டு வாங்காத கவுன்சிலர். அவர தோக்கடிக்கவும் உங்களால முடியாது, அவரு எங்க நின்னாரு தோக்கறதுக்கு?

கவுன்சிலர் வந்துட்டா தேனாறு ஓடும்னு நெனச்சுக்காதீங்க. எங்க கடலூர் 2021-ல மாநகராட்சி ஆச்சு, 45 வார்டு, 2022-ல எலெக்‌ஷனும் நடந்துச்சு. பெண்கள் வார்டுல பல எடத்துல வீட்டுக்காரர்தான் "கவுன்சிலர் சார்". கமிஷன் பேச்சும் உண்டு. எங்க தெரு வாய்க்கா இப்பவும் நாறுது. ஆனா ஒண்ணு, எதிர்த்து நின்னு நூத்துச் சொச்சம் ஓட்டுல தோத்தவரு நாலு வீடு தள்ளி இருக்காரு. வாய்க்கா ரொம்புனா அவரு மொத ஆளா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடறாரு. நல்ல எண்ணத்துல இல்ல, கடுப்புலதான், அதனால என்ன, போன் பண்ண எனக்கு ரெண்டு நம்பர் இருக்கு. உங்களுக்கு ஒண்ணுதான்.

எங்க ஊர்ல குண்டு சாலைன்னு ஒரு ரோடு இருக்கு. 1690-ல வெள்ளைக்காரன் மராட்டியருங்ககிட்டேந்து தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்குனப்ப, பீரங்கிய சுட்டு குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் கிராமம்லாம் தன்னுதுன்னு எடுத்துகிட்டான். குண்டு கிராமங்கள்னே பேரு. உங்க ஆளு போன் எவ்ளோ தூரம் போகுதோ அதுவரைக்கும் அவரு எல்லை. கொம்யூன் ஆபீஸ் வரைக்கும் போகுது. அதுக்கு மேல போகுமான்னு எனக்கு சந்தேகம், அவரே யாரயாவது பாத்து எழுந்து நிக்கற ஆளாத்தான் இருப்பாரு.

நீங்க எழுந்து நிக்கறத நெனச்சு வெக்கப்படாதீங்க. மனு போட்டு வாய்க்கா சுத்தமாயிருந்தா அது உங்க வரிப்பணத்துல நடந்த வேலை, யாருக்கும் எழுந்திருக்க வேணாம். போன்ல நடந்ததால அது உதவியாயிடுச்சு, அம்மா போய் நின்னு கேட்டதால உங்க வீட்டு மேல மட்டும் கடனாயிடுச்சு. அள்ளுனது என்னவோ தெருவுக்கே!

சரி, கல்யாணம். போங்க. பொண்ணு என்ன பண்ணுச்சு பாவம். ஆனா தனியா கவர் எடுத்துட்டு போகாதீங்க, தெருவுல எல்லார் வீட்டுக்கும் பத்திரிகை வந்திருக்கும், வீட்டுக்கு நூறு நூறா சேத்துக்குங்க. மொய் நோட்டு எழுதறவரு பேரு கேப்பாரு, தெருப்பேர மட்டும் சொல்லுங்க. அப்புறம் அந்த எஸ்டிமேட் நெசமாவே போச்சா, எவ்ளோ ரூபாய்க்கு போச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி எழுதிப் போடுங்க, முப்பது நாள்ல பதில் குடுக்கணும். அதுலயும் நாலு வீட்டுக்காரங்க தனித்தனியா போடட்டும். பந்தில சாம்பார் எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க.