பொபோ பொம்மை ஆய்வு: சோதனையா, உற்றுநோக்கலா?

வணக்கம். பெரியவரின் வன்செயலைப் பார்க்கும் குழந்தைகள் அதைப் பின்பற்றுகிறார்களா என்று, பொபோ என்ற காற்றடைத்த பொம்மையை வைத்து உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய 1961ஆம் ஆண்டு ஆய்வில் குழந்தைகளை ஒருவழிக் கண்ணாடி வழியே கவனித்ததால் அதை உற்றுநோக்கல் முறை என்று எழுதி மதிப்பெண் இழந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். திருத்தியவர் செய்தது சரியே. கவனித்துக் குறித்தது தரவு திரட்டிய வழி மட்டுமே. ஆய்வாளர் எதையேனும் தாமே மாற்றி அமைத்தாரா என்பதுதான் ஆய்வின் வகையைத் தீர்மானிக்கிறது. இங்கே மாற்றி அமைத்தார்; ஆகவே இது சோதனை.

ஸ்டான்ஃபோர்ட் மழலையர் பள்ளியின் 72 குழந்தைகளில் 24 பேர் பொம்மையைச் சுத்தியலால் அடிக்கும் பெரியவரையும், 24 பேர் அமைதியாக விளையாடும் பெரியவரையும் பார்த்தார்கள். எஞ்சிய 24 பேருக்கு எவரையும் காட்டவில்லை. இந்த வேறுபாடு சாரா மாறி, அதாவது ஆய்வாளர் தாமே மாற்றி அமைத்தது. பின்னர் ஐந்து விநாடிக்கு ஒருமுறை குறிக்கப்பட்ட, குழந்தைகளின் வன்செயல்கள்தான் சார்ந்த மாறி, அதாவது விளைவாக அளக்கப்பட்டது. மாணவர் பலர் விட்டுவிடும் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள்: இயல்பிலேயே முரட்டுத்தனமுள்ளோர் ஒரே குழுவில் குவியாதபடி, முன்கூட்டியே மதிப்பிட்டு, ஒத்த அளவு முரட்டுத்தனமுள்ளோரை மும்மூன்று பேராக இணைத்து, அதன் பின்னரே குழுக்களுக்குப் பிரித்திருந்தார்கள்.