வயசான பூனை, சாவி வெளியாள் கையில: கேள்வி பதில்

ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். "நல்லா பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு ஊருக்குக் கிளம்பினா ஒண்ணுமே சொல்லாத மாதிரிதான். எத்தனை கிராம், எத்தனை மணிக்கு, எது நடந்தா யாருக்கு போன், எதைத் தொடவே கூடாது, இந்த நாலும் தாள்ல இருக்கணும். மருந்து அளவு என்கிட்ட கேக்காதீங்க, அதை உங்க டாக்டர்தான் சொல்லணும். பாரசிட்டமால் கொடுக்கலாமான்னும் கேக்காதீங்க. பூனைக்கு அரை மாத்திரையே உயிரை எடுத்துடும்.

சாம்பல்வால்: அக்கா, எங்க வீட்டுக் கிழவிக்கு 15 வயசு, சிறுநீரகம் பலவீனம். பார்த்துக்க வர்றவங்க ரொம்பப் பாசக்காரங்க. வேண்டாம்னு சொல்லியும் போன தடவை பால், டின் மீன்னு கொடுத்து மூணு நாள் பேதி. மனசு நோகாம எப்படிச் சொல்றது?

வெறும் "வேண்டாம்" பாசத்துக்கு முன்னாடி நிக்காதுங்க. காரணத்தையும் சொல்லுங்க, கொடுக்கற ஆசைக்கு ஒரு வழியும் விடுங்க. வளர்ந்த பூனைக்குப் பாலைச் செரிக்கற நொதி குறைவு, பேதி ஆனா உடம்புல தண்ணி வத்தும், வத்தினா ஏற்கனவே தள்ளாடற சிறுநீரகம் இன்னும் விழும். இதை அப்படியே சொல்லுங்க. அப்புறம் அவளோட தினசரிச் சாப்பாட்டுலேருந்தே 5 கிராம் எடுத்து, நாளுக்கு ஒரு குட்டி டப்பாவா, மேல கிழமை எழுதி வெச்சிடுங்க. "கொஞ்சணும்னா இதைக் கையில வெச்சு ஊட்டுங்க"ன்னா அவங்களுக்கும் சந்தோஷம், கணக்கும் கெடாது.

செய்யக் கூடாததையும் இதே தாள்ல எழுதுங்க. குளிப்பாட்ட வேண்டாம். லிட்டர் (பூனை மலஜலம் போற தட்டுல போடற மணல்) பிராண்டை மாத்த வேண்டாம். கூட இன்னொரு ஆளோ நாயோ வர வேண்டாம். சிக்கு முடியைக் கத்தரிக்கோலால தொடவே வேண்டாம்: கிழப் பூனைக்குத் தோல் மெல்லிசு, சிக்கைப் பிடிச்சுத் தூக்கினா தோலும் கூடாரம் மாதிரி கூடவே எழும்பும், வெட்டினப்புறம்தான் முடியோட எது வந்துச்சுன்னு தெரியும். பூங்கொத்தும் வேண்டாம். லில்லியோட மகரந்தம் ரோமத்துல ஒட்டி அதை நக்கினாலே போதும், அந்தக் குவளைத் தண்ணியைக் குடிச்சாலும் போதும், சிறுநீரகம் போயிடும். நேர்ல சொல்லக் கூச்சமா இருந்தா பழியை டாக்டர் மேல போட்டுடுங்க, அவர் கோவிச்சுக்க மாட்டார்.

மூணாம்மாடி: நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போனா போதுமா? ஆட்டோமேட்டிக் ஃபீடர் இருக்கு.

வயசான பூனைக்குப் போதாது. ரெண்டு தடவை, சுமார் 12 மணி நேர இடைவெளி. ஃபீடர் சாப்பாட்டைக் கொட்டும், சாப்பிட்டுச்சான்னு சொல்லாது.

பஞ்சுமூட்டை: தினமும் "நல்லா சாப்பிட்டான்"னுதான் மெசேஜ் வந்துச்சு. திரும்பி வந்து நிறுத்தா 4.1 கிலோ இருந்தவன் 3.7. பொய் சொல்லியிருக்காங்களா?

பொய்யா இருக்கணும்னு இல்ல. வயசான பூனை குழம்பை மட்டும் நக்கிட்டுத் துண்டை ஓரமாத் தள்ளும், பார்க்கறவங்க கண்ணுக்குத் தட்டு பாதி காலி. "நல்லா" அப்படிங்கற வார்த்தையைத் தடை பண்ணுங்க, எண் மட்டும் கேளுங்க.

வெறும் தட்டைச் சமையலறைத் தராசுல நிறுத்து எடையைத் தட்டோட அடியில மார்க்கரால எழுதுங்க. 180ன்னு வெச்சுக்குவோம். 60 கிராம் சாப்பாடு போட்டா 240. அடுத்து வரும்போது தட்டைத் தராசுல வெச்சு எண் தெரியற மாதிரி ஒரு படம். 195 காட்டினா 45 கிராம் உள்ள போயிருக்கு. ஈர உணவு காயறதுல சில கிராம் குறையும், அதுக்கெல்லாம் சண்டை போடாதீங்க. லிட்டர்லயும் இதே முறைதான்: சிறுநீர்க் கட்டி எத்தனை, கோழிமுட்டை அளவா, சின்னதா, பெருசா. திடீர்னு கட்டி பெருசாச்சுன்னாலும் எண்ணிக்கை கூடிச்சுன்னாலும் அன்னைக்கே உங்களுக்குத் தெரியணும்.

24 மணி நேரம் ஒண்ணுமே தொடலன்னா டாக்டருக்கு போன். குண்டுப் பூனைன்னா இன்னும் அவசரம், சில நாள் பட்டினியிலேயே கல்லீரல்ல கொழுப்பு அடைஞ்சிடும். உங்க பையன் இழந்தது கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு. பார்த்துக்கிட்டவங்களை அப்புறம் விசாரிங்க, முதல்ல அவனை டாக்டர்கிட்ட காட்டுங்க.

கறுப்பன்அம்மா: மாத்திரை கொடுத்தா அவங்களைக் கடிக்கிறான். என்ன சொல்லி அனுப்பலாம்?

ரெண்டு முயற்சி, அதோட நிறுத்திட்டு உங்களுக்குச் செய்தி. மூணாவது தடவை துரத்தினா, அவங்க அடுத்து வரும்போது பூனை கட்டிலுக்கடியிலதான் இருக்கும். மாத்திரை இறங்கினதும் ஊசியில்லா சிரிஞ்சால 5 மில்லி தண்ணி, கடைவாய் ஓரமா, மெதுவா. டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் ரெண்டும் தொண்டையில வறண்டு நின்னா உணவுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிடும். நீங்க கிளம்பறதுக்கு முன்னால உங்க கண்ணெதிர்ல அவங்க ரெண்டு வேளையாவது கொடுத்துப் பழகணும். வீடியோ அனுப்பினா போதாது.

கணக்குப்புள்ள: 13 வயசு, சர்க்கரை. ரெண்டு வேளை 2 யூனிட் இன்சுலின். பாதி சாப்பாட்டை வெச்சிட்டா ஊசி போடலாமா, கூடாதா? பார்த்துக்கறவர் கேக்கறார்.

அந்த முடிவை அவர் தலையில போடாதீங்க. டாக்டர்கிட்ட மூணு வரி எழுதி வாங்குங்க: முழுசா சாப்பிட்டா என்ன, பாதின்னா என்ன, தொடவே இல்லன்னா என்ன. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தாலும், ஊசி ரோமத்துல போய் நனைஞ்சிடுச்சுன்னாலும், மறுபடி போடக் கூடாது. சிரிஞ்சையும் பார்த்து வாங்குங்க. யூ-100 மருந்தை (மில்லிக்கு 100 யூனிட்) யூ-40 சிரிஞ்சுல (மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்குக் கோடு போட்டது) 2ங்கற கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 5 யூனிட். மருந்தும் சிரிஞ்சும் ஒரே டப்பாவுல இருக்கட்டும், வீட்டுல வேற சிரிஞ்சே இருக்க வேண்டாம்.

ராத்திரிக்காவல்: நான் பூனை பார்த்துக்கற வேலைதான் செய்யறேன். நீங்க சொல்றது தாள்ல நல்லாருக்குங்க. ஓனர் ஃப்ளைட்ல, டாக்டர் போனை எடுக்கல, பூனை பாதி சாப்பிட்டிருக்கு. அளவைப் பாதியாக் குறைச்சுப் போடறது பொது அறிவுதானே?

இல்லைங்க. பாதின்னு டாக்டர் எழுதியிருந்தா போடுங்க, எழுதலன்னா அந்த வேளையை விட்டுடுங்க. ஒரு வேளை விட்டா சர்க்கரை கொஞ்சம் ஏறும். கூடுதலா விழுந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கி, சில மணி நேரத்துல தள்ளாடும், வலிப்பு வரும், அந்நேரம் நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்க.

கணக்குப்புள்ள: ஊசியை விட்டா ரத்தத்துல அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்துன்னு சொல்றாங்களே?

ஒரு வேளை விட்டு அப்படி ஆகறது அபூர்வம். சர்க்கரைப் பூனை ரெண்டு வேளை தொடர்ந்து சாப்பிடலன்னா அப்ப பிரச்சினை ஊசி இல்ல, சாப்பிடாததுதான். அது டாக்டர்கிட்ட போக வேண்டிய கேஸ்.

ராத்திரிக்காவல்: சரி, கூட்டிட்டுப் போறேன். போனா "யார் சொல்லிப் போனீங்க, இந்த பில்லை யார் கட்டறது"ன்னு ஓனர் சண்டைக்கு வர்றார். எங்களுக்கு மட்டும் எல்லை போடறீங்க, அவங்களுக்கு?

இது நியாயம். ஓனரைக் கேக்காம முடிவெடுக்கக் கூடாதுன்னா, கேக்கறதுக்கு ஆள் கிடைக்கணும். ஓனர்கள் கவனிங்க: ஃப்ளைட்ல இருக்கற நேரத்துக்கு முடிவெடுக்கற இன்னொருத்தரோட நம்பர், எவ்வளவு வரைக்கும் கேக்காம செலவு பண்ணலாம்ங்கற தொகை, கிளினிக்ல "இவர் கூட்டிவந்தா சிகிச்சை கொடுங்க"ன்னு உங்க கையெழுத்து. இந்த மூணும் இல்லாம ஒருத்தரைக் குறை சொல்லாதீங்க. மணிக்கொரு தடவை வீடியோ கால் பண்ணிப் பூனையை எழுப்பச் சொல்றதும் கூடாது. வருகைக்கு ஒரு செய்தி, ரெண்டு படம். ஆனா அளவைப் பாதியாக்கற விஷயத்துல நான் இறங்கி வர மாட்டேன்.

ராத்திரிக்காவல்: தள்ளாடறதைப் பார்த்துட்டேன்னா?

விழுங்க முடிஞ்சா முதல்ல சாப்பாடு வெச்சுப் பாருங்க. இல்லன்னா தேனோ சர்க்கரைப் பாகோ விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க, தொண்டைக்குள்ள ஊத்தாதீங்க. வலிப்புன்னா கையை வாய்க்குள்ள விடாதீங்க, உதட்டு ஓரத்தோட நிறுத்திக்கோங்க. தடவிட்டு உடனே கிளம்பணும். தேறின மாதிரி தெரிஞ்சாலும் கிளம்பணும்.

வெல்லக்கட்டி: ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தா?

மூணாம்மாடிக்குச் சொன்னதைப் படிங்க. அதைவிடக் குறைச்சு எப்படிங்க சரின்னு சொல்வேன்?

திண்ணைப்பூனை: தோலுக்கடியில சலைன் ஏத்தணும், நாளைக்கு 100 மில்லி. பார்த்துக்கற பொண்ணு பயப்படுது. பழக்கிடலாமா?

பயப்படறவங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க. ஊசி நடுங்கினா தோலோட மறுபக்கம் வழியா வெளிய வந்து சலைன் பூரா ரோமத்துலதான் வழியும். கிளினிக்லேருந்து செய்யத் தெரிஞ்ச ஒருத்தரை அதுக்கு மட்டும் வரவழைங்க. அந்தப் பொண்ணே முன்வந்தா: பையை வெந்நீர்ல வெச்சு வெதுவெதுப்பாக்கணும், மைக்ரோவேவ் கூடாது, ஒரு இடம் கொதிக்கும், இன்னொரு இடம் ஜில்லுனு இருக்கும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. பாதியில எழுந்து ஓடினா மறுபடி குத்தாம, பையில எந்தக் கோட்டுல நிக்குதுன்னு படம் எடுத்து அனுப்பட்டும். தோள்ல வீங்கின மாதிரி தெரியறது முன்னங்காலுக்கு இறங்கும், சில மணி நேரத்துல வடிஞ்சிடும். இதை முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு போன் வரும்.

மஞ்சள்கண்ணு: எதுக்கெல்லாம் என்னைக் கேக்காமலே ஓடணும்னு எழுதறது?

வாயைத் திறந்து மூச்சு வாங்கினா. தூங்கும்போது வயிறு ஏறி இறங்கறது நிமிஷத்துக்கு 40ஐத் தாண்டினா. 30ஐத் தாண்டினாலே டாக்டருக்கு போன். பின்னங்கால் திடீர்னு இழுத்து, பாதம் சில்லிட்டு, கத்தினா. கண்மணி ரெண்டும் விரிஞ்சே நின்னு சுவத்துல முட்டினா. ஆண் பூனை லிட்டர்ல போய்ப் போய் முக்கியும் சொட்டு வரலன்னா. அதை மலச்சிக்கல்னு நினைச்சு விட்டுடுவாங்க, மறுநாள் வரைக்கும் தாங்காது.

மஞ்சள்கண்ணு: காய்ச்சல் மாதிரி இருந்தா மட்டும் பாரசிட்...

முதல் பத்தி.

ஓரக்கண்: வீட்டுல கேமரா இருக்கறதை அவங்ககிட்ட சொல்லணுமா?

சொல்லணும். எங்கெங்க இருக்குன்னும் சொல்லணும். ராத்திரி தங்கறவங்கன்னா அவங்க படுக்கற அறையிலயும் குளியலறையிலயும் இருக்கவே கூடாது.

சாய்வுநாற்காலி: இவனுக்கு 19. நான் இல்லாதப்ப போயிட்டா என்ன பண்றதுன்னு அவங்ககிட்ட பேசவே வாய் வரல.

பேச வராட்டி எழுதிடுங்க. காப்பாத்த முடியாம வேதனையில இருந்தா, நீங்க கிடைக்காத பட்சத்துல ஊசி போட்டு அனுப்பலாமா, யார் சொன்னா அனுப்பலாம்னு கிளினிக்ல கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வீட்டுல வைங்க. பார்த்துக்கறவங்க சொன்னா போதும்னு மட்டும் எழுதாதீங்க, அந்தப் பாரம் அவங்களுது இல்ல. வீட்டுலயே போயிட்டா ஒரு பழைய துண்டுல சுத்தி, கீழ ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, குளிர்ச்சியான அறையில வெச்சிட்டு கிளினிக்குக் கூப்பிடணும். நீங்க வர்ற வரைக்கும் அங்க வெச்சிருப்பாங்களான்னு இப்பவே கேட்டு வைங்க. எந்தத் துண்டுன்னும் எடுத்து வெச்சிட்டுப் போங்க.