அசைவு குறைந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: முதல் பிரசவம், 34 வாரம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரண்டு நாளாகக் குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. "மாசம் நெறைய நெறைய உள்ளே இடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் அம்மா. நச்சுக்கொடி முன்பக்கம் இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். வீட்டிலேயே இதயத் துடிப்பு பார்க்கும் கருவி வாங்கலாமா?

பதில்: இரண்டு நாளாகக் குறைவு என்றால் கருவியைப் பற்றி யோசிக்க நேரமில்லை. இன்றே போய்க் காட்டுங்கள். மீதியை வண்டியில் படித்துக்கொள்ளலாம்.

அம்மா சொல்வது பாதிதான் சரி. இடம் குறையும்போது உதை குறைந்து, புரளுவதும் நெளிவதும் கூடும். ஆனால் மொத்த அசைவு பிரசவம் வரை குறையக் கூடாது. நச்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்தால், குழந்தை கைகால் ஆட்டாமல் சக்தியைச் சேமிக்கும். அந்த அடக்கம்தான் நமக்குக் கிடைக்கும் முதல் தகவல்.

குழந்தை தூங்கும்போது 20 முதல் 40 நிமிடம் அசையாமல் இருப்பது இயல்பு. இனிமேல் எப்போதாவது சந்தேகம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு எண்ணுங்கள். விக்கலைச் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லையா, கிளம்புங்கள். பத்து வந்தும் மனசு சமாதானம் ஆகவில்லையா, அப்போதும் கிளம்புங்கள். தினமும் உங்கள் குழந்தை எப்படி ஆடும் என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

அந்தக் கருவிக்கு வருகிறேன். ஒரு பெண் அதைக் கையோடு கொண்டுவந்தார். திரையில் 118. "துடிப்பு நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றார். அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், அங்கேயும் 118. பயத்தில் ஓடிய அவருடைய நாடியைத்தான் அது காட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் துடிப்பே கிடைத்தாலும், அந்த நிமிடம் உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். குளிர்ந்த ஜூஸ், சாக்லேட் கொடுத்துக் குழந்தையை 'எழுப்பும்' யோசனைகளும் நேரத்தை வீணாக்கும்.

நச்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் அது குழந்தைக்கும் உங்கள் வயிற்றுச் சுவருக்கும் நடுவே மெத்தை போலக் கிடக்கும். ஐந்தாம், ஆறாம் மாதத்தில் அசைவு மந்தமாகத் தெரிய அது காரணமாகலாம். 28 வாரத்துக்குப் பிறகு அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. போன வாரமும் நச்சுக்கொடி அங்கேதான் இருந்தது, அசைவும் தெரிந்தது. இந்த வாரம் குறைந்ததற்கு அதன்மேல் எப்படிப் பழி போடுவது? இந்தச் சாக்கை டாக்டர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன், எரிச்சலாக வரும்.

ராத்திரியில் போனால் "காலைல ஓ.பி.க்கு வாங்க" என்பார்கள். வெளியில் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி ஒரு சீட்டு நீட்டுவார்கள், கமிஷன் யாருக்கோ. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அசைவு குறைந்திருக்கிறது, இப்போதே என்.எஸ்.டி. எடுங்கள்." குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் சோதனை அது; வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டிச் சுமார் 20 நிமிடம் பதிவார்கள். ஸ்கேன் தேவையா என்பது அதற்கப்புறம். பெரும்பாலும் குழந்தை நன்றாகவே இருக்கும், நீங்களும் வீடு திரும்பலாம். நாளை மறுபடி குறைந்தால் மறுபடி போங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஊர் மாறி வந்திருப்பதால் பழைய ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108.