காய்ந்ததா, வெந்ததா? துணி அச்சு கேள்வி-பதில்

மழை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதி எமல்ஷன் பற்றியவை, அதாவது அச்சடிக்கும் ஸ்கிரீன் வலையில் பூசும், ஒளி பட்டால் இறுகும் பசை பற்றியவை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எக்ஸ்போஸ் செய்து (ஒளி காட்டி) கழுவினால் எமல்ஷன் மொத்தமாக வழிந்துவிடுகிறது. நேரத்தை இரட்டிப்பாக்கியும் பயனில்லை. (கூடலூர்)

பதில்: விளக்கின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் ஸ்கிரீன் காயவே இல்லை. விரலில் ஒட்டாவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருளல்ல. உள்ளே ஈரம் இருக்கும்வரை ஒளி பட்டாலும் எமல்ஷன் சரியாக இறுகாது. கூடலூர் மழையில் ஃபேன் சுழற்றுவதும் ஈரக் காற்றைத்தானே? இருட்டான மரப்பெட்டி ஒன்றில், 40 டிகிரி தாண்டாத சூட்டில், துணி படும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்துக் காய வையுங்கள். வெயிலில் எக்ஸ்போஸ் செய்பவர்களுக்கும் ஒன்று: திருப்பூரில் கற்ற நிமிடக் கணக்கு மூடுபனியில் செல்லாது. புறஊதா டியூப் பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பனியனுக்கு எந்த மெஷ்? (குன்னூர்)

பதில்: சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்பதுதான் மெஷ் எண். சாதாரண எழுத்துக்கு 43, மெல்லிய கோட்டுக்கு 77, புள்ளிப்படத்துக்கு (சிறு புள்ளிகளால் ஆன படம்) 90க்கு மேல்.

கேள்வி: இரண்டாவது துவைப்பிலேயே பிரிண்ட் உரிகிறது. ஏன்?

பதில்: எந்தத் துணி, எந்த மை, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்? எதுவுமே எழுதவில்லை. ஊர்ப்பெயர்கூட இல்லை. இதை ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும். இருந்தாலும் என் அனுபவத்தில் இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கியூரிங்கில்தான், அதாவது மையைச் சூட்டில் வேக வைப்பதில்தான், கோட்டை விட்டிருப்பார்கள். மை காய்வது வேறு, வேவது வேறு. பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை காற்றில் எத்தனை நாள் கிடந்தாலும் காயாது. மேல்தோல் மட்டுமல்ல, மையின் அடி வரைக்கும் சுமார் 160 டிகிரி ஏற வேண்டும். தண்ணீர் சேர்ந்த பிக்மெண்ட் மை என்றால் 150 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம். குளிர்ந்த துணி சூடேறவே நேரம் பிடிக்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதலில் ஒரு துண்டுத் துணியில் அடித்து, துவைத்துப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்!

கேள்வி: பள்ளி ஒன்றுக்கு 500 மஞ்சப்பை. பிளாஸ்டிக் வேண்டாம் என்ற வாசகம் போட வேண்டும். பிளாஸ்டிசால் போடலாமா? (ஊட்டி)

பதில்: பிளாஸ்டிசால் என்பதே பிவிசி. பிளாஸ்டிக் வேண்டாம் என்பதைப் பிளாஸ்டிக்காலேயே எழுதப் போகிறீர்களா? தண்ணீர் சேர்ந்த பிக்மெண்ட்டுக்கு வாருங்கள். வெளுக்காத காடா துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும், அதை நீக்காமல் அடித்தால் மை ஊறாது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் கீழ்நாட்டைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கொதிக்கட்டும்.

கேள்வி: தோடர் பூவேலைச் சால்வையைப் படம் எடுத்து, கறுப்பு, சிவப்பு என இரண்டு ஸ்கிரீன் ஆக்கி, 200 சால்வை அடித்து சீசனில் விற்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு கலரும் விலகாமல் பொருந்த என்ன செய்ய வேண்டும்? (ஊட்டி)

பதில்: பொருத்துவதற்கு ஸ்கிரீன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முட்டி நிற்க மேசையில் மூன்று ஸ்டாப் வைத்தால் போதும். ஆனால் இந்த வேலைக்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

போன சீசனில் ஒரு கடையில் அசல் தோடர் சால்வை என்று ஒன்றை விரித்துக் காட்டினார்கள். மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தோடர் பெண்கள் எந்தப் படமும் வரைந்துகொள்வதில்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். இரண்டு பக்கமும் போர்த்தலாம். விரலால் தடவினாலே நூல் மேடு தெரியும். நம் ஸ்கிரீனோ துணியின் ஒரு முகத்தில் மை பூசுவது. பக்கத்தில் வைத்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்; ஆனால் பஸ் பிடிக்க ஓடும் சுற்றுலாப் பயணி பக்கத்தில் வைத்தா பார்க்கப் போகிறார்? அந்த அவசரத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த துணியை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படி குற்றம். அதோடு, அந்தப் பூவேலைப் போர்வை அவர்கள் இறந்தவருக்கும் போர்த்துவது. அதைத் தலையணை உறையில் அடித்துத் தரச் சொல்லி வந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் கூலியைத்தான் உங்கள் 200 சால்வையும் குறைக்கும். மலையில் வரைய வேறு ஒன்றுமே இல்லையா? குறிஞ்சி இருக்கிறது, வரையாடு இருக்கிறது, மலை ரயில் இருக்கிறது. சொந்தமாக வரையுங்கள், எத்தனை கலர் வேண்டுமானாலும் பொருத்தித் தருகிறேன்.

கேள்வி: மழைக்கோட்டில் அடித்தது நகத்தால் சுரண்டினால் வருகிறது. (கோத்தகிரி)

பதில்: நைலானுக்கென்று தனி மை உண்டு, அதில் மையை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் கலக்க வேண்டும். நீர் ஒட்டாத பூச்சு இருந்தால் அதுவும் ஒட்டாமல் போகலாம். முதலில் துண்டுத் துணியில் அடித்துப் பாருங்கள்!

கேள்வி: டிசம்பரில் பிளாஸ்டிசால் களிபோல் இறுகிவிடுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றி இளக்கலாமா? அறையில் ஹீட்டர் இருக்கிறது. (குன்னூர்)

பதில்: ஜன்னலையும் மூடியிருப்பீர்கள். மண்ணெண்ணெய், மூடிய அறை, சிவக்கும் கம்பி மூன்றையும் ஒன்று சேர்க்காதீர்கள். கரண்டியால் ஐந்து நிமிடம் நன்றாகக் கிளறுங்கள், அதிலேயே பாதி இளகிவிடும். போதவில்லை என்றால் டப்பாவை இறுக மூடி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், டப்பாவுக்குள்ளேயே வேகத் தொடங்கிவிடும்.