பாட்டி காலத்து மிதி தையல் மிஷின் இறுகிக் கிடக்கிறது, ஓட வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். 20 வருடம் ஓடாத மிஷினை இறுக்கிப் பிடிப்பது துருவைவிட, காய்ந்து பிசினாகிப்போன பழைய எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இன்னும் மோசம்.

சக்கரத்தை முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். முதலில் ஊசி, பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) இரண்டையும் கழற்றிவிட்டு, ஷட்டிலில் (அந்தக் கூட்டைச் சுற்றி நூலைப் பிடிக்கும் கொக்கிப் பகுதி) நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் ஒரே ஒரு நூல் துண்டுதான் காரணமாக இருக்கும். பிறகு எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும், அடிப்பக்க இணைப்புகளிலும் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். தங்க நிறப் பூவேலையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உரிந்துவிடும். ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அழுக்கைத் துடைத்துவிட்டு, அதே இடங்களில் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும். மண்ணெண்ணெய் கழுவத்தான் உதவும், எண்ணெய் மாதிரி வழவழப்பு தராது. அதோடு ஓட்டினால் உலோகம் தேயும்.

தோல் பெல்ட் விறைத்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் மிதி கனக்கும்.

துணியின் அடியில் நூல் கொத்தாகச் சுருண்டால் பாபினைக் குறை சொல்லாதீர்கள். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை என்று அர்த்தம். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள்: நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும்.

சிங்கர் மிஷினில் 15கே போல 'கே' என்று முடியும் மாடல் எண் இருந்தால், அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது.