கணினி கேள்வி–பதில்: கோட்டை வாசலில் திறக்காத புதையல்

கேள்வி: மாணவர்களுக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஜீ.பி.எஸ். புதையல் வேட்டை எழுதியிருக்கிறேன். திருகோணமலை டச்பே கடற்கரையில் தொடங்கி, பிரட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலில் முடியும். கடற்கரையில் நன்றாக ஓடுகிறது. கோட்டை வாசலில் சில போன்களுக்கு அடுத்த குறிப்பு திறப்பதே இல்லை. சில போன்களில் பிள்ளைகள் வீதியில் வரும்போதே திறந்துவிடுகிறது. புள்ளியிலிருந்து 6 மீற்றருக்குள் வந்தால் திறக்கும்படி எல்லை வைத்திருக்கிறேன்.
– வாசகி, உப்புவெளி

பதில்: அந்த 6 மீற்றரில்தான் சிக்கல். திறந்த வானத்தின் கீழேயே போன் காட்டும் இடம் 5 மீற்றர் அளவில் பிசகும். கோட்டை வாசலில் தடித்த கற்சுவர் வானத்தில் பெரும்பங்கை மறைக்கிறது. சில சிக்னல்கள் சுவரில் பட்டுத் தெறித்து வருகின்றன. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்தே போன் தூரத்தைக் கணிக்கிறது. சுற்றி வந்த சிக்னலுக்கு நேரம் கூடும், ஆகவே நீங்கள் 20, 30 மீற்றர் தள்ளி நிற்பதாகக் காட்டும்.

போன் தரும் ஒவ்வொரு இட வாசிப்போடும் ‘அக்கியூரசி’ (துல்லியம்) என்று மீற்றரில் ஓர் எண் வரும். நீங்கள் பெரும்பாலும் அந்த ஆரையுள்ள வட்டத்துக்குள் எங்கோ நிற்கிறீர்கள் என்பதே அதன் பொருள். முதல் வாசிப்பு பல வேளைகளில் டவரையோ வைஃபையையோ வைத்து வரும். வட்டம் நூற்றுக்கணக்கான மீற்றர் இருக்கும். அதன் நடுப்புள்ளி தற்செயலாக வாசலில் விழுந்தால் வீதியிலேயே குறிப்பு திறந்துவிடும்.

இடத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ‘வோட்ச்பொசிஷன்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதில் ‘எனேபிள்ஹைஅக்கியூரசி’ (கூடிய துல்லியம்) ட்ரூ, ‘மெக்சிமம்ஏஜ்’ (பழைய வாசிப்பை ஏற்கும் காலம்) 0. அக்கியூரசி 25ஐத் தாண்டிய வாசிப்புகளைத் தள்ளிவிடுங்கள். எல்லையை 25 மீற்றராக்கி, தொடர்ந்து மூன்று வாசிப்புகள் உள்ளே விழுந்தால் மட்டும் திறக்க விடுங்கள். பத்து வாசிப்புகள் தள்ளுபட்டால் ‘திறந்த வெளியில் ஒரு நிமிடம் நில்லுங்கள்’ என்று திரையில் காட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விளையாட்டு உறைந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். புள்ளியையும் வாசல் வளைவுக்கு அடியிலிருந்து வெளிப்பக்கத் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

ஆள்கூறுகளை வரைபடத்தில் தொட்டு எடுக்காமல், அந்த இடத்திலேயே நின்று 40 வாசிப்புகள் எடுத்து இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை, பயன்படுத்துங்கள். சராசரி எடுத்தால் தாறுமாறான ஒரே வாசிப்பு அதை இழுத்துவிடும். ஐந்து தசமதானம் போதும். ஐந்தாவது தானம் ஏறக்குறைய ஒரு மீற்றர்.

இன்னொன்று, இதை நிச்சயம் செய்யுங்கள்: கோயிலருகே மலை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டுப் பக்கம் புள்ளி வைக்கவே வேண்டாம். திரையைப் பார்த்தபடி நடக்கும் பிள்ளைக்கு மலை விளிம்பில் 10 மீற்றர்ப் பிசகு ஆபத்து. கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் எல்லாப் புள்ளிகளும் கோயில் வீதியோடு இருக்கட்டும். பரிசுப் பெட்டிகளையும் ஒளிக்காதீர்கள். அங்கே திரியும் மான்கள் பிளாஸ்டிக்கை மென்றுவிடும்.

கேள்வி: அதே கோட்டைக்குள் நின்றும் புதையல் 8,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதாக என் நிரல் சொல்கிறது. ஏன்?
– வாசகர், நிலாவெளி

பதில்: அகலக்கோடும் நெடுங்கோடும் இடம் மாறியிருக்கின்றன. நமக்கு அகலக்கோடு 8.5, நெடுங்கோடு 81.2. மாற்றிக் கொடுத்தால் புள்ளி வடதுருவக் கடலில் போய் விழும். வரைபடத் தரவு எழுதும் ஜியோஜேசன் வடிவத்தில் நெடுங்கோடுதான் முதலில் வரும். பலரும் சறுக்குவது இதில்தான். அது சரியாக இருந்தும் தூரம் பொருந்தாவிட்டால், பாகைகளை ரேடியனுக்கு மாற்றாமல் ‘சைன்’ போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: மாணவர்கள் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து எல்லா இடங்களையும் பார்த்துவிடுகிறார்கள். எப்படி மறைப்பது?
– ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: பிரவுசருக்குப் போய்ச் சேர்ந்ததை மறைக்க முடியாது. அங்கே போனால்தான் தெரியும் ஒன்றைக் கேளுங்கள். கோட்டை வாசல் கல்லில் பொறித்துள்ள ஆண்டு, 1675, அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இணையத்திலும் கிடைக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம், அறிவிப்புப் பலகையின் நிறம், படிகளின் எண்ணிக்கை போன்றவற்றையும் சேருங்கள். விடையை அப்படியே எழுதாமல் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷாக, அதாவது திருப்பி விடையாக்க முடியாத குறியீடாக, வையுங்கள். நான்கு இலக்கம் என்றால் 10,000 சாத்தியங்கள்தான், கணினி நொடியில் முயன்று பார்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு விடையையும் தனித்தனியாக ஹாஷ் பண்ணாமல், எல்லா விடைகளையும் ஒட்டிச் சேர்த்த ஒரே சரத்தை ஹாஷ் பண்ணுங்கள்.